குரலை எண்ணாக மாற்றிய அலெக் ரீவ்ஸ்

பெங்களூரில் இருந்து மதுரைக்குப் பேசுகிறோம். மும்பையில் இருந்து திருநெல்வேலிக்குப் பேசுகிறோம். அம்மாவின் குரல் பக்கத்து அறையில் இருந்து வருவது போலத் தெளிவாகக் கேட்கிறது.

முன்பு அப்படி இல்லை. "டிரங்க் கால்" பதிவு செய்துவிட்டு மணிக்கணக்கில் காத்திருந்த காலம் ஒன்று உண்டு. ஒருவழியாக இணைப்பு கிடைத்தாலும், குரல் கிணற்றுக்குள் இருந்து வருவது போல இருக்கும். நடுவே ஒரே இரைச்சல். தொண்டை கிழியக் கத்தினால்தான் மறுமுனையில் காதில் விழும். சொல்ல வந்ததைச் சொல்வதற்குள் மூன்று நிமிடம் முடிந்துவிடும்.

அந்த இரைச்சல் எங்கே போயிற்று?

தொலைதூரத்துக்கு இப்போது நம் குரல் போவது இல்லை. குரலை அளந்து எடுத்த எண்கள் போகின்றன. மறுமுனையில் அந்த எண்களில் இருந்து குரல் மீண்டும் உண்டாக்கப்படுகிறது. போன எண்ணும் வந்த எண்ணும் ஒன்றுதானா என்று வழியிலேயே சரிபார்க்கப்படுகிறது.

இந்த வழியை 1937-ம் ஆண்டிலேயே கண்டவர் அலெக் ரீவ்ஸ். டெலிபோன் துறையில் உலகம் முழுவதும் மதிக்கப்படும் பெயர் அது. அவருடைய கண்டுபிடிப்புக்காக இங்கிலாந்து தபால் தலையே வெளியிட்டது. ஆனால், அந்தக் கண்டுபிடிப்பு மக்களுக்குப் பயன்படத் தொடங்கியபோது 25 ஆண்டுகள் ஓடிவிட்டன.

அளவுக்காரர் மகன்

அலெக் ஹார்லி ரீவ்ஸ், இங்கிலாந்தில் சர்ரே மாவட்டத்தில் உள்ள ரெட்ஹில் என்ற ஊரில் 1902-ம் ஆண்டு மார்ச் 10-ந் தேதி பிறந்தார். பெற்றோருக்கு ஒரே பிள்ளை.

தந்தை எட்வர்ட் ரீவ்ஸ், லண்டனில் உள்ள ராயல் ஜியாகிரபிகல் சொசைட்டியில் வேலை பார்த்தார். தேசப்படங்களைப் பாதுகாப்பதும், காடு மலைகளுக்குப் போகிற பயணிகளுக்கு நில அளவை கற்றுக்கொடுப்பதும் அவருடைய பணி. அளப்பதும், அளந்தது சரிதானா என்று பார்ப்பதும் அந்த வீட்டில் குடும்பத் தொழில் போல இருந்தது.

அலெக், ரைகேட் நகரப் பள்ளிக்கூடத்தில் படித்தார். உதவித்தொகை பெற்று 1918-ல் லண்டன் என்ஜினீயரிங் கல்லூரியில் சேர்ந்தார். பிறகு இம்பீரியல் கல்லூரியில் மேல்படிப்பு முடித்தார். 1923-ல் இன்டர்நேஷனல் வெஸ்டர்ன் எலெக்ட்ரிக் என்ற கம்பெனியில் வேலை கிடைத்தது. அப்போது அவருக்கு வயது 21.

அட்லாண்டிக் கடலுக்கு இந்தப் பக்கம் லண்டன், அந்தப் பக்கம் நியூயார்க். இரண்டு நகரங்களுக்கும் இடையே ரேடியோ மூலம் டெலிபோன் பேச வழி செய்யும் வேலை அந்தச் சமயத்தில் நடந்துகொண்டிருந்தது. அந்தக் குழுவில் ரீவ்சும் இருந்தார். 1927-ம் ஆண்டு ஜனவரி மாதம் அந்த டெலிபோன் சேவை பொதுமக்களுக்குத் திறந்துவிடப்பட்டது.

இதற்கிடையே, 1925-ல் கம்பெனி கைமாறியது. அமெரிக்காவைச் சேர்ந்த ஐ.டி.டி. நிறுவனம் அதை வாங்கியது. ரீவ்ஸ் பாரீஸ் நகரில் உள்ள ஆராய்ச்சிக்கூடத்துக்கு மாற்றப்பட்டார்.

பாரீசில் பிறந்த யோசனை

பாரீசில் ரீவ்ஸ் 1940 வரை இருந்தார். ஸ்பெயின் நாட்டுக்கும் தென் அமெரிக்காவுக்கும் இடையே சிற்றலை ரேடியோ மூலம் டெலிபோன் பேசும் திட்டத்தில் உழைத்தார். ஐ.டி.டி. என்ஜினீயர்கள் 1931-ல் ஆங்கிலக் கால்வாயின் இரு கரைகளுக்கும் இடையே, மிகச் சிறிய ரேடியோ அலைகளில் பேசிக் காட்டினார்கள்.

எந்த வேலையை எடுத்தாலும் ஒரே எதிரி குறுக்கே நின்றது. அதுதான் இரைச்சல்.

டெலிபோனில் பேசும்போது, குரலின் ஏற்ற இறக்கம் அப்படியே மின்சாரத்தின் ஏற்ற இறக்கமாக மாறுகிறது. அந்த மின்சார அலை கம்பியில் போகப்போகத் தேய்ந்துவிடும். அதனால் வழியில் ஆங்காங்கே கருவிகளை வைத்து, அதன் வலுவைப் பெருக்குவார்கள்.

இங்கேதான் சிக்கல். வழியில் கம்பியில் ஏறிக்கொண்ட இரைச்சலும் சேர்ந்தே பெருகும். எது குரல், எது இரைச்சல் என்று பெருக்கும் கருவிக்குத் தெரியாது. அடுத்த நிலையத்தில் புது இரைச்சல் சேரும். பழையதும் புதியதும் சேர்ந்து பெருகும். நூறு நிலையம் தாண்டினால் நூறு இடத்து இரைச்சலும் குரலோடு வந்து சேரும்.

தந்தியில் அந்தத் தொல்லை குறைவு. தந்தியில் வருவது இரண்டே சங்கதிதான். ஒன்று, மின்சாரம் உண்டு. அல்லது, இல்லை. தேய்ந்து வந்தாலும் உண்டு என்று தெரிந்தால் போதும். அடுத்த நிலையம் அதைப் புத்தம் புதிதாக எழுப்பி அனுப்பிவிடும். வழியில் ஏறிய அழுக்கு அங்கேயே நின்றுவிடும்.

கோலத்தை வைத்து இதை விளங்கிக்கொள்ளலாம். ஒரு கோலத்தின் மேல் தாளை வைத்துக் கோடு இழுத்து நகல் எடுக்கிறோம். அந்த நகலுக்கு ஒரு நகல், அதற்கும் ஒரு நகல் என்று நூறு பேர் எடுத்தால், கடைசியில் கோலம் கோணலாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் ஏழு புள்ளி, ஏழு வரிசை என்று ஒருவர் காதில் ஒருவர் சொன்னால் நூறாவது ஆளும் அதே அளவில்தான் புள்ளி வைப்பார்.

குரலையும் தந்தியைப் போல அனுப்ப முடியுமா? உண்டு, இல்லை என்ற இரண்டே சொல்லில் ஒரு மனிதரின் பேச்சை அடக்க முடியுமா? 1937-ல் ரீவ்ஸ் முடியும் என்ற முடிவுக்கு வந்தார்.

ஐந்து துடிப்பில் ஒரு குரல்

அவர் கண்ட வழி இது.

குரலின் மின்சார அலையை, இமைக்கும் நேரத்தைவிட மிகக் குறைந்த இடைவெளியில் திரும்பத் திரும்ப அளக்க வேண்டும். அலையின் உயரத்தை 32 படிகள் கொண்ட ஏணியாக வைத்துக்கொள்ள வேண்டும். அளக்கும் நேரத்தில் அலை எந்தப் படியில் நிற்கிறது என்று பார்த்து, அந்தப் படியின் எண்ணை மட்டும் அனுப்பினால் போதும்.

32 படிகளையும் குறிக்க ஐந்து மின்துடிப்புகள் போதும். முதல் துடிப்புக்கு மதிப்பு 16. அடுத்து 8, 4, 2, 1. அலை 19-வது படியில் நிற்கிறது என்றால், 16 உண்டு, 8 இல்லை, 4 இல்லை, 2 உண்டு, 1 உண்டு. கூட்டினால் 19. மறுமுனையில் இருக்கும் கருவி இப்படிக் கூட்டி, அந்த உயரத்துக்கு மின்சாரத்தை உயர்த்தும். அடுத்தடுத்து வரும் எண்களைச் சேர்த்தால் அலை உருவாகும். அலையில் இருந்து குரல் பிறக்கும்.

பிரான்சில் 1938-ம் ஆண்டு அக்டோபர் மாதம் இதற்குக் காப்புரிமை கோரப்பட்டது. அடுத்து இங்கிலாந்தில் பதிவாயிற்று. அமெரிக்கா 1942-ம் ஆண்டு பிப்ரவரி 3-ந் தேதி காப்புரிமை வழங்கியது. துடிப்புக் குறியீட்டு முறை என்று பொருள்படும்படி இதற்குப் பெயர் ஏற்பட்டது. அந்த ஆங்கிலப் பெயரைச் சுருக்கி "பி.சி.எம்." என்று என்ஜினீயர்கள் சொல்கிறார்கள்.

காகிதத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கருவி செய்வதுதான் கஷ்டம். அன்றைய ரேடியோவில் இருந்த கண்ணாடி வால்வுகளைக் கொண்டுதான் எதையும் செய்ய வேண்டும். ஒரே ஒரு பேச்சுக்கே ஏராளமான வால்வுகள் தேவைப்பட்டன. ஒவ்வொன்றும் சூடேறும், விலையும் அதிகம், அடிக்கடி பழுதாகும். வியாபாரத்துக்கு இது ஆகாது என்பது ரீவ்சுக்கே தெரிந்திருந்தது. யோசனை பிறந்துவிட்டது. அதைத் தாங்கும் கருவி இன்னும் பிறக்கவில்லை.

போர் மூண்டது

இரண்டாம் உலகப்போர் வந்தது. 1940-ம் ஆண்டு ஜூன் மாதம் ஜெர்மன் படைகள் பாரீசை நெருங்கின. பல ஆண்டுகளாக வேலை பார்த்த ஊரை விட்டு ரீவ்ஸ் புறப்பட்டார். ஸ்பெயின் எல்லை வழியாகத் தப்பி, ஒரு சரக்குக் கப்பலில் இங்கிலாந்து வந்து சேர்ந்தார்.

ரீவ்ஸ் சண்டையை விரும்பாதவர். ஆட்களைக் கொல்லும் ஆயுதம் செய்ய அவர் மனம் ஒப்பவில்லை. ஆனால், விமானங்கள் இருட்டில் குறி தெரியாமல் குண்டு போடுவதால் குடியிருப்புகள் அழிவதை அவர் அறிவார். குறி துல்லியமாக இருந்தால் வீணாகச் சாகும் உயிர்கள் குறையும் என்று எண்ணினார். அந்த எண்ணத்தோடு வேலையில் இறங்கினார்.

பிராங்க் ஜோன்ஸ் என்ற விஞ்ஞானியுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய கருவிக்கு "ஓபோ" என்று பெயர். ஓபோ என்பது, நம் நாதஸ்வரத்தைப் போலச் சீவாளி வைத்து ஊதும் மேல்நாட்டு வாத்தியம். விமானியின் காதில் கேட்கும் ஓசை அந்த வாத்தியத்தின் ஓசையைப் போல இருந்ததால் இந்தப் பெயர் வந்தது.

இங்கிலாந்துக் கரையில் இரண்டு ரேடியோ நிலையங்கள் இருக்கும். அவை விமானத்துக்குத் துடிப்புகளை அனுப்பும். விமானத்தில் உள்ள கருவி பதில் துடிப்பு அனுப்பும். போய்வர எவ்வளவு நேரம் ஆயிற்று என்பதைக் கொண்டு விமானம் இருக்கும் தூரத்தைக் கணக்கிடுவார்கள். வழி தவறினால் விமானியின் காதில் விட்டுவிட்டு ஒலி கேட்கும். சரியான வழியில் போனால் ஒரே சீரான நாதம் கேட்கும். குண்டு போட வேண்டிய நொடியை இரண்டாவது நிலையம் சொல்லும்.

இது நடக்காது என்று பலர் சந்தேகப்பட்டார்கள். 1942-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 20-ந் தேதி இரவு, ஆலந்து நாட்டில் ஒரு மின்சார நிலையத்தைத் தாக்க ஆறு "மஸ்கிட்டோ" விமானங்கள் முதன்முதலாக ஓபோவுடன் சென்றன. அதன் பிறகு போர் முடியும் வரை அது பயன்படுத்தப்பட்டது. நூறு கெஜ அளவுக்குத் துல்லியமாக அது வழிகாட்டியது.

ஆனால், ஒரு ஜோடி நிலையங்கள் ஒரு சமயத்தில் ஒரு விமானத்துக்குத்தான் வழிகாட்ட முடியும். எனவே, ஓபோ விமானம் முன்னே சென்று வெளிச்சக் குண்டுகளால் குறி போடும். பின்னால் வரும் நூற்றுக்கணக்கான விமானங்கள் அந்தக் குறியைப் பார்த்துக் குண்டு பொழியும். ஜெர்மனியின் தொழில் நகரங்களில் அப்படி மாண்ட பொதுமக்கள் பலர். கருவி துல்லியமாக இருந்தது. போர் அப்படி இருக்கவில்லை. உயிர்ச்சேதம் குறையும் என்று ரீவ்ஸ் எண்ணியது அரைகுறையாகத்தான் நிறைவேறியது.

போர்ப் பணிக்காக 1945-ல் அவருக்கு அரசாங்கம் ஓ.பி.இ. விருது வழங்கியது.

ரகசிய டெலிபோன்

குரலை எண்ணாக மாற்றி அனுப்பும் வழி அதே போரில் வேறு ஓரிடத்தில் வேலை செய்துகொண்டிருந்தது. இங்கிலாந்துப் பிரதமர் சர்ச்சிலும் அமெரிக்கத் தலைவர்களும் எதிரி ஒட்டுக்கேட்க முடியாதபடி பேசுவதற்காக, அமெரிக்காவின் பெல் ஆராய்ச்சிக்கூடம் ஓர் இயந்திரத்தை உருவாக்கியது. "சிக்சாலி" என்பது அதன் ரகசியப் பெயர். 1943-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி அது இயங்கத் தொடங்கியது.

பேச்சை எண்ணாக மாற்றி, ஒவ்வொரு எண்ணுடனும் வேறு ஓர் எண்ணைக் கூட்டி அனுப்புவார்கள். கூட்ட வேண்டிய எண்கள் இசைத்தட்டில் பதிவாகி இருக்கும். அதே இசைத்தட்டு மறுமுனையிலும் ஓடும். அங்கே அந்த எண்ணைக் கழித்தால் பேச்சு கிடைக்கும். இரண்டு தட்டுகளும் நூலளவு பிசகாமல் சேர்ந்து ஓட வேண்டும். கொஞ்சம் முந்தினாலும் பிந்தினாலும் பேச்சு வெறும் இரைச்சல் ஆகிவிடும்.

ஒரு முனையில் இருந்த இயந்திரத்தின் எடை மட்டும் சுமார் 55 டன். லண்டனில் அதை ஒரு பெரிய கடையின் நிலவறையில் வைத்திருந்தார்கள். அரசாங்கம் செலவு பார்க்காத போர்க்காலத்தில்தான் இப்படி ஒரு டெலிபோனைச் செய்ய முடியும். ஆனால், எண் வழியாகக் குரல் கடல் கடந்து போகும் என்பது அங்கே நிரூபணம் ஆகிவிட்டது. சிக்சாலி பற்றிய விவரங்கள் 1970-களில்தான் வெளியுலகுக்குத் தெரிந்தன.

சரிதானா என்று பார்ப்பது எப்படி?

குரலை எண்ணாக மாற்றினால் மட்டும் போதாது. மாற்றியது சரிதானா, அனுப்பியது ஒழுங்காகப் போய்ச் சேர்ந்ததா என்றும் தெரிய வேண்டும். ரீவ்சின் வழி பரவப்பரவ, இதற்கென்று ஒரு தனிக் கலையே வளர்ந்தது.

முதலில், அளவில் வரும் பிழை. அலையின் உயரம் 19-வது படிக்குச் சற்று மேலே இருந்தாலும் 19 என்றுதான் எழுதுகிறோம். கடைக்காரர் சில்லறையைத் தள்ளிவிட்டு முழு ரூபாயாகக் கணக்கிடுவது போன்றது இது. தள்ளிய சில்லறை காதில் மெல்லிய சீறலாகக் கேட்கும். துடிப்பு ஒன்று கூடினால் படிகள் இரண்டு மடங்காகும், பிழை பாதியாகும். என்ஜினீயர்கள் கணக்கில் இது 6 டெசிபல். இதைச் சோதிக்க, ஒரே சீரான ஒரு சுருதியைக் கருவியில் செலுத்துவார்கள். மறுமுனையில் வந்த ஒலியில் இருந்து அந்தச் சுருதியை மட்டும் நீக்கிவிட்டு, மிச்சம் என்ன இருக்கிறது என்று அளப்பார்கள். மிச்சம் இருப்பது எல்லாம் கருவி செய்த தவறு. அது கணக்குப்படி இருக்க வேண்டிய அளவைவிட அதிகமாக இருந்தால், கருவியில் எங்கோ கோளாறு.

இரண்டாவது, அளக்கும் வேகம். சினிமாவில் வண்டி முன்னே போகும்போது சக்கரம் பின்னே சுற்றுவது போலத் தெரிகிறதே, அதைக் கவனித்திருப்பீர்கள். படம் எடுக்கும் வேகம் போதாததால் வரும் மாயம் அது. ஒலியிலும் இந்த மாயம் உண்டு. ஒலி அதிரும் வேகத்தைப்போல இரண்டு மடங்குக்கு மேல் அளக்க வேண்டும். டெலிபோனில் விநாடிக்கு 8,000 தடவை அளக்கிறார்கள். எனவே, 4,000 அதிர்வுக்கு உட்பட்ட ஒலிதான் உள்ளே வரலாம். 5,000 அதிர்வு உள்ள ஒலி நுழைந்துவிட்டால், மறுமுனையில் 3,000 அதிர்வு உள்ள பொய்யான ஒலியாகக் கேட்கும். அதனால் வாசலிலேயே வடிகட்டி வைத்து அதைத் தடுக்கிறார்கள். வடிகட்டி சரியாக வேலை செய்கிறதா என்பதையும் சுருதி செலுத்திப் பார்ப்பது உண்டு.

மூன்றாவது, வழியில் நேரும் பிழை. இதைச் சோதிக்க, இரு முனைக்கும் முன்பே தெரிந்த ஒரு துடிப்பு வரிசையை அனுப்புவார்கள். வந்ததை அதனுடன் ஒவ்வொன்றாக ஒப்பிட்டு, எத்தனை மாறிவிட்டன என்று எண்ணுவார்கள். டெலிபோனில் ஒரு பேச்சுக்கு விநாடிக்கு 64,000 துடிப்புகள். பத்து லட்சத்தில் ஒன்று தவறினால், சுமார் 16 விநாடிக்கு ஒரு பிழை. பேச்சில் அது காதுக்குத் தெரியாது. ஆயிரத்தில் ஒன்று தவறினாலோ படபடவென்று ஓசை கேட்கும். அந்த வழி பழுது என்று அறிவிக்க வேண்டியதுதான்.

எல்லாத் துடிப்பும் சமம் அல்ல என்பதையும் கவனிக்க வேண்டும். ரீவ்சின் ஐந்து துடிப்பில் கடைசித் துடிப்பு தவறினால் ஒரு படிதான் மாறும். முதல் துடிப்பு தவறினால் 16 படி எகிறிவிடும். ரூபாய்க் கணக்கில் ஒற்றை இலக்கம் தவறுவதற்கும் ஆயிரம் இலக்கம் தவறுவதற்கும் உள்ள வித்தியாசம் அது.

பிழையைக் கண்டுபிடிப்பதோடு, தானே திருத்திக்கொள்ளவும் வழி உண்டு. அதைக் கண்டவர் பெல் ஆராய்ச்சிக்கூடத்தைச் சேர்ந்த ரிச்சர்ட் ஹாமிங். 1950-ல் அவர் அதை வெளியிட்டார். அதன் அடிப்படையை ஒரு வருகைப் பதிவேட்டைக் கொண்டு அறியலாம். ஆள் பெயர் வரிசையாக இருக்கிறது. தேதி நிரலாக இருக்கிறது. வந்தவருக்கு ஒரு குறி, வராதவருக்குக் குறி இல்லை. ஒவ்வோர் ஆளுக்கும் எத்தனை நாள் என்று ஓரத்தில் கூட்டிப் போடுகிறோம். ஒவ்வொரு நாளுக்கும் எத்தனை பேர் என்று அடியில் கூட்டிப் போடுகிறோம். யாரோ ஒரு குறியை அழித்துவிட்டால், ஓரக் கூட்டலில் ஒரு வரிசை இடிக்கும். அடிக் கூட்டலில் ஒரு நிரல் இடிக்கும். இரண்டும் சந்திக்கும் கட்டம்தான் தவறு. அங்கே இருப்பது உண்டு அல்லது இல்லை. இரண்டில் ஒன்று தவறு என்றால் மற்றது சரி. திருத்திவிடலாம்!

1960-ல் ரீட், சாலமன் என்ற இரு அமெரிக்கர்கள் இன்னும் வலுவான ஒரு முறையைக் கண்டார்கள். 1982-ல் விற்பனைக்கு வந்த "சி.டி." இசைத்தட்டில் அந்த முறைதான் பயன்படுகிறது. அதில் விநாடிக்கு 44,100 தடவை ஒலி அளக்கப்படுகிறது. ஒவ்வோர் அளவுக்கும் 16 துடிப்பு, 65,536 படிகள். தட்டில் சுமார் இரண்டரை மில்லிமீட்டர் நீளத்துக்குக் கீறல் விழுந்தாலும், அழிந்துபோன எண்களைக் கருவி கணக்குப் போட்டு மீட்டுவிடும். பாட்டு தடைபடாது.

காலம் கனிந்தது

1947-ம் ஆண்டு இறுதியில் பெல் ஆராய்ச்சிக்கூடத்தில் டிரான்சிஸ்டர் பிறந்தது. வால்வு செய்யும் வேலையை நகத்தளவு கருவி செய்தது. சூடு இல்லை, விலையும் போகப்போகக் குறைந்தது. ரீவ்சின் யோசனை காத்திருந்தது இதற்குத்தான்.

1962-ல் அமெரிக்காவில் சிகாகோ வட்டாரத்தில் பி.சி.எம். டெலிபோன் வழி வணிக முறையில் தொடங்கப்பட்டது. இரண்டு ஜோடிக் கம்பியில் 24 பேச்சுகள் போயின. சுமார் 1,800 மீட்டருக்கு ஒரு நிலையம், தேய்ந்து வந்த துடிப்புகளைப் புதிதாக எழுப்பி அனுப்பியது. 1968-ல் லண்டனில் எம்பிரஸ் எக்ஸ்சேஞ்ச், துடிப்புகளாக வந்த பேச்சைத் துடிப்புகளாகவே வழி மாற்றிக் காட்டியது.

அமெரிக்கக் காப்புரிமையின் காலம் 17 ஆண்டு. அது 1959-லேயே முடிந்துவிட்டது. சிகாகோவில் முதல் பேச்சு போனபோது, யார் வேண்டுமானாலும் அந்த வழியைக் காசு கொடுக்காமல் பயன்படுத்தலாம் என்ற நிலை. உலகத்தின் டெலிபோன்கள் எல்லாம் எந்த வழியில் ஓடப்போகிறதோ, அதைக் கண்டவர் மாதச் சம்பளம் வாங்கும் என்ஜினீயராகவே இருந்தார்.

அதற்காக அவர் முகம் சுளித்துக்கொண்டு உட்கார்ந்துவிடவில்லை. அவர் பார்வை அதற்குள் வேறு பக்கம் திரும்பியிருந்தது.

ஒளியை நாடி

போருக்குப் பின் ரீவ்ஸ், ஐ.டி.டி.யின் இங்கிலாந்துக் கிளையின் ஆராய்ச்சிக்கூடத்தில் வேலை பார்த்தார். அது முதலில் என்பீல்டிலும் பிறகு ஹார்லோ என்ற ஊரிலும் இருந்தது. துடிப்புகளைக் கம்பியில் அனுப்புவதைவிட ஒளியில் அனுப்பினால் பல மடங்கு அதிகமாக அனுப்பலாம் என்று அவர் கருதினார். ஒளிக்கு, உண்டு இல்லை என்ற குறியீடு மிகவும் பொருத்தமானது. விளக்கு எரிகிறது, அணைகிறது; அவ்வளவுதான்.

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் பணியாற்றிய சார்லஸ் காவ், ஜார்ஜ் ஹாக்கம் என்ற இருவர், தலைமயிர் போன்ற கண்ணாடி இழையில் ஒளியை நெடுந்தூரம் அனுப்ப முடியும் என்று 1966-ல் கட்டுரை எழுதினார்கள். கண்ணாடியில் உள்ள அழுக்கை நீக்கினால் போதும் என்பது அவர்கள் கண்ட முடிவு. பலர் நம்பவில்லை. நான்கே ஆண்டில், 1970-ல், அமெரிக்காவின் கார்னிங் நிறுவனம் அப்படிப்பட்ட கண்ணாடி இழையைச் செய்து காட்டியது.

சிறைக் கதவுக்கு அப்பால்

ரீவ்ஸ் ஆராய்ச்சிக்கூடத்தோடு நின்றவர் அல்ல. ஓய்வு நேரத்தில் பெரும் பகுதியை ஊர்ப்பணிக்குச் செலவிட்டார். இளைஞர்களுக்கு உதவினார். சிறையில் இருந்து வெளியே வருகிறவர்கள் மீண்டும் நல்வாழ்வு பெற உதவினார்.

ஒரு மனதில் இருந்து இன்னொரு மனதுக்குச் செய்தி போக முடியுமா, இறந்த பிறகு வாழ்வு உண்டா என்ற கேள்விகளிலும் அவருக்கு மிகுந்த ஈடுபாடு இருந்தது. சக விஞ்ஞானிகள் பலர் இதை ஏற்கவில்லை. அவர் அதற்காகத் தம் எண்ணத்தை மறைத்துக்கொள்ளவும் இல்லை.

தேடி வந்த பெருமை

பெருமை தாமதமாக வந்தது. 1965-ல் அமெரிக்காவின் பிராங்க்ளின் கழகம் அவருக்குப் பதக்கம் அளித்தது. 1969-ல் இங்கிலாந்து அரசாங்கம் சி.பி.இ. விருது வழங்கியது. அதே ஆண்டு அக்டோபர் மாதம் இங்கிலாந்து தபால் இலாகா புதிய தொழில்நுட்பங்களைக் குறித்துத் தபால் தலைகள் வெளியிட்டது. அவற்றில் ஒரு ஷில்லிங் தலை, பி.சி.எம். முறையைச் சிறப்பித்தது.

வேலையில் இருந்து ஓய்வு பெற்ற பிறகும் அவர் ஓயவில்லை. சொந்தமாக ஒரு சிறிய கம்பெனி தொடங்கி ஒளி வழிச் செய்தி ஆராய்ச்சியைத் தொடர்ந்தார். 1971-ம் ஆண்டு அக்டோபர் 13-ந் தேதி மரணம் அடைந்தார். வயது 69.

அவர் விதைத்தது எல்லாம் அதன் பிறகு பலன் தந்தது. 1977-ல் இங்கிலாந்தில் ஹிட்சின், ஸ்டீவனேஜ் என்ற ஊர்களுக்கு இடையே கண்ணாடி இழையில் டெலிபோன் பேச்சு போயிற்று. அதில் போனது பி.சி.எம். துடிப்புகள்தான். ரீவ்சின் இரண்டு கனவுகளும் அந்த ஒரே இழையில் சேர்ந்தன. 2009-ல் சார்லஸ் காவுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

இந்தியாவில் 1984-ல் "சி-டாட்" நிறுவனம் தொடங்கப்பட்டது. நம் ஊர் வெயிலையும் தூசியையும் தாங்கும், குளிர்சாதனம் தேவைப்படாத கிராம எக்ஸ்சேஞ்சை நம் என்ஜினீயர்களே உருவாக்கினார்கள். கர்நாடகத்தில் கிட்டூர் என்ற ஊரில் 1986-ல் அது நிறுவப்பட்டது. பின்னர் நாடு முழுவதும் ஆயிரக்கணக்கான கிராமங்களுக்குப் போயிற்று. எஸ்.டி.டி. பூத்துகள் தெருவுக்குத் தெரு முளைத்த அந்த ஆண்டுகளில், வெளியூரில் வேலை பார்த்தவர்கள் கத்தாமல் வீட்டோடு பேசத் தொடங்கினார்கள்.

இன்று கையில் இருக்கும் செல்போன், குரலை எண்ணாக்கும் வேலையைத் தானே செய்துவிடுகிறது. எண்களைச் சுருக்குவதற்கும் திருத்துவதற்கும் புதுப்புது முறைகள் வந்துவிட்டன. ஆனால், அலையை அளப்பது, படியின் எண்ணைக் குறிப்பது, உண்டு அல்லது இல்லை என்று அனுப்புவது, வந்தது சரிதானா என்று பார்ப்பது ஆகிய வரிசை மாறவில்லை. அந்த வரிசையின் முதல் மூன்று படிகளையும் 1937-ல் பாரீசில் போட்டவர் அலெக் ரீவ்ஸ்.